பச்சைமலை அருவியில் என்னை ஒதுங்கச் சொன்னவள்

சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை. கனவில் கண்டதும் இல்லை. பட்டப்பகலில், என் இரண்டு கண்ணாலும் பார்த்தது.

சுதந்திரம் வருவதற்கு முந்தின வருஷம். எனக்குப் பத்தொன்பது வயது. உடையார்பாளையம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவள். பெயர் கமலவேணி. அந்த வைகாசியில்தான் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். இப்போது சொல்கிறேன். சின்னதுரை.

ஊர் ஊராகப் போய்ச் சேலை விற்கிறவர். முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல நிறம், அதைவிட நல்ல பேச்சு. என்னை இரண்டாம் தாரமாகத்தான் கொடுத்தார்கள். முதல் மனைவி செந்துறைக்காரி, காலராவில் போய்விட்டாள் என்று அவரே மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மைதான் என் அப்பாவுக்குப் பிடித்துப் போனது.

ஐப்பசியில் ஒரு நாள், "ஒரு வாரம் ஊர் சுத்திப் பாத்துட்டு வரலாம் கமலா. நீயும் நானும் மட்டும்" என்றார்.

அந்தக் காலத்தில் எந்தப் புருஷன் பெண்டாட்டியை அப்படிக் கூட்டிக்கொண்டு போனான்? அரியலூர் டவுனில் சினிமா. கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில். அப்புறம் பெரம்பலூர். கடைசியாகப் பச்சைமலையில் அருவிக் குளியல். அருவியின் பெயரைச் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் அங்கே குழந்தை குட்டிகளோடு போய்க் குளிக்கிறார்கள்.

"நகையெல்லாம் போட்டுக்க. நாலு பேரு பாக்கட்டும்" என்றார். அம்மா வீட்டில் போட்டதை ஒன்று விடாமல் போட்டுக்கொண்டேன்.

அரியலூரில் ஒரு சத்திரத்தில் தங்கினோம். டாக்கீஸில் மணல் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்தோம். எனக்கு அல்வா வாங்கிக் கொடுத்தார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

மறுநாள் காலையில் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மேலே மடித்து வைத்திருந்த மாம்பழக் கலர்ச் சேலை சொதசொதவென்று நனைந்திருந்தது. அதற்கு அடியில் இருந்த சேலையில் ஈரமே இல்லை. ஐப்பசி பாதி போயும் அந்த வருஷம் அரியலூரில் ஒரு தூறல் கூட விழவில்லை.

பிழிந்தேன். பாசி வாடை அடித்தது. கொசுவத்திலிருந்து மணல் உதிர்ந்தது.

"டாக்கீஸு மணலா இருக்கும்" என்றார் அவர். ஆனால் அந்தச் சேலையை அவர் தொடவில்லை.

கல்லங்குறிச்சிக்குப் போய் வந்த மறுநாளும் அப்படித்தான். வேறு சேலை. அதே வாடை.

பெட்ரோலுக்குப் பதில் கரி கேஸில் ஓடும் பஸ்ஸில் பெரம்பலூருக்கு வந்தோம். வழியெல்லாம் அனல். என் பக்கத்து ஜன்னல் கம்பியில் மட்டும்... சொட்... சொட்... என்று தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. கூரையைப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது.

பெரம்பலூரில் பூங்காவனம் என்று ஒரு அம்மாள் இட்லிக் கடை வைத்திருந்தார். நாங்கள் இலையில் கை வைத்ததும் அந்த அம்மாள் வாசலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, கூட வந்தவங்கள வெளியிலயே நிக்க வச்சிருக்கீங்க? உள்ள கூப்புடுங்க."

"யாருங்க?"

"அதான்... தல நனைஞ்சு நிக்கிறாங்களே. காதுல, கழுத்துல ஒண்ணுமில்லாம. அய்யாவையேதானே பாக்குறாங்க."

என் புருஷன் கையிலிருந்த இட்லி இலையில் விழுந்தது.

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை. வெயிலில் கொதிக்கும் கல்லில் இரண்டு பாதம் நின்ற ஈரம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது.

திரும்பினேன். அவர் முகத்தில் ரத்தம் இல்லை. "நாளைக்கே அருவிக்குப் போயிடுவோம்" என்றார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

மறுநாள் அரியமுத்து என்பவரின் மாட்டு வண்டியில் போனோம். மலையடிவாரத்தில் மாடுகள் நின்றுவிட்டன. அடித்தும் நகரவில்லை.

"மேல மழ பேஞ்சிருக்கு போலிருக்கு, தண்ணி வரத்து அதிகம். நாளைக்கு வரலாமுங்க" என்றார் அரியமுத்து.

"நீ இங்கயே இரு. நாங்க போயிட்டு வரோம்."

நடந்தோம். உச்சி வெயில். ஒரு குருவிச் சத்தம் இல்லை. அருவியின் இரைச்சல் மட்டும். கிட்டே போகப் போக அது காதை அடைத்தது. குளிக்க வேறு யாரும் வந்திருக்கவில்லை.

"நகையக் கழட்டிக் குடு. தண்ணியில போயிடும்."

அது நியாயம்தானே? தோடு, மூக்குத்தி, சங்கிலி, வளையல்... ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தேன். துண்டில் முடிந்துகொண்டார்.

"தாலியையும்."

"தாலியையா?"

"கயிறு நனைஞ்சா அறுந்துடும். குடு."

எந்தப் புருஷன் கேட்பான் அப்படி? என் கை தானாகத் தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அவர் முறைத்தார். பிறகு சிரித்தார்.

"சரி, இருக்கட்டும். மேல வா. அந்தப் பாறையிலேருந்து பாத்தா பெரம்பலூரே தெரியும்."

மேலே ஏறினோம். வழுக்குப் பாறை. கீழே குளம் செம்மண் நிறத்தில் சுழன்றுகொண்டிருந்தது. "இன்னும் கொஞ்சம் முன்னால போ" என்றார். போனேன். "இன்னும் கொஞ்சம்." அவர் என் பின்னால் நின்றார்.

அப்போது அருவிச் சத்தம் நின்றது.

தண்ணீர் விழுந்துகொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

குளத்தில் ஒருத்தி நின்றாள்.

இடுப்பளவு தண்ணீர். நனைந்த தலை. என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். காதில் வெறும் துளை. கழுத்து மூளி.

என்னை அவள் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

அந்தக் கண்ணில் அழுகை இல்லை. வெகு நாள் பட்டினி கிடந்தவள் சோற்றைப் பார்க்கிற பார்வை.

வாய் அசைந்தது. காதோடு சொன்னது போலக் கேட்டது.

"ஒதுங்கு தாயி."

ஒதுங்கினேன்.

நான் நின்ற இடத்தில் இரண்டு கைகள் காற்றைத் தள்ளின. தள்ளிய வேகத்தில் அவன் முன்னால் போனான்.

ஆமாம். அவன். அதற்குப் பிறகு அவனை நான் அவர் என்று சொன்னதில்லை.

விழவில்லை. பாறை விளிம்பைப் பிடித்துத் தொங்கினான்.

"கமலா... கையக் குடு... கமலா..."

நீட்டினேன். என்ன இருந்தாலும் நீட்டினேன்.

என் மணிக்கட்டைச் சில்லென்று ஏதோ பிடித்தது. இறுக்கவில்லை. தாய் குழந்தையின் கையை நெருப்பிலிருந்து விலக்குவது போல, மெதுவாக விலக்கியது.

பிறகு அவன் விரல்கள்.

சுண்டுவிரல் எழும்பியது. தானாக.

அடுத்த விரல்.

அடுத்தது...

அவன் என்னைப் பார்க்கவில்லை. தன் விரல்களையும் பார்க்கவில்லை. கீழே பார்த்தான். பார்த்து, "நீயா" என்றான்.

கடைசி விரல்.

...

அருவிச் சத்தம் திரும்ப வந்தது.

எப்படி இறங்கி ஓடினேன் என்று தெரியாது. அரியமுத்து ஊர் ஆட்களைக் கூட்டி வந்தார். மறுநாள்தான் பிணம் கிடைத்தது. குளத்தின் அடிப்பாறைக்குக் கீழே. இழுத்தார்கள், வரவில்லை. வேட்டி எதிலோ மாட்டியிருந்தது. முங்கிப் போன ஆள் அலறிக்கொண்டு மேலே வந்தான். பாறை இடுக்கில் ஒரு எலும்புக்கூடு. அதன் விரல்களுக்குள்தான் வேட்டி இருந்தது.

செந்துறைக்காரியைத்தான் கொன்று போட்டிருக்கிறான், காலரா என்றதெல்லாம் பொய் என்று ஊரே பேசியது. நானும் அப்படித்தான் நம்பினேன். அவளுக்காக விளக்கு ஏற்றினேன். அவனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

மாசி மாதம் செந்துறையிலிருந்து பொன்னுத்தாய் என்று ஒரு அம்மாள் என்னைத் தேடி வந்தார். முதல் மனைவியைப் பெற்றவர்.

"எம் மவள அருவியில தள்ளிட்டான்னு பேசிக்கிறாங்களாம். அது இல்ல தாயி. அவளுக்குக் காலராதான். எம் மடியிலதான் உசுரு போச்சு. நாங்கதான் பொதச்சோம்."

"அப்ப... அது யாருங்க?"

"எம் மவளக் கட்டுனப்ப, அதான் அவனுக்கு மொதக் கல்யாணமுன்னு சொன்னான்" என்றார்.

போலீஸ் பெரம்பலூரிலிருந்து ஜெயங்கொண்டம் வரைக்கும் தண்டோரா போட்டது. காணாமல் போன பெண் யார் வீட்டிலாவது உண்டா என்று. ஒரு வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை. அவள் பெயர் இன்று வரை எனக்குத் தெரியாது.

எலும்பைப் பார்த்த டாக்டர் சொன்னதை அரியமுத்துதான் எனக்கு வந்து சொன்னார். தண்ணீருக்குள் போய்ப் பத்து வருஷமாவது இருக்குமாம். போனபோது அந்தப் பெண்ணுக்குப் பதினைந்து வயதுக்கு மேல் இராதாம்.

பதினைந்து.

நான் பார்த்தவளுக்கு இருபத்தைந்து வயது.

செத்த பிறகும் அந்தத் தண்ணீருக்கு அடியில், வருஷத்துக்கு ஒரு வயதாக, அவள் வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறாள்.