சிவப்புத் தட்டில் போட்ட நாணயம்

நாணயச்சாலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். அவளோ அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டாள். எனக்கும் அவளுக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. சேகரிப்பவர்களுக்கென்றே பளபளவென்று மெருகேற்றி அடிக்கும் புரூஃப் நாணயங்களைச் சோதிப்பது எங்கள் வேலை. கையுறை போட்டு, விளிம்பை மட்டும் பிடித்து, மூச்சு படாமல் தலையைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். நல்லது பெட்டிக்கு. பழுது சிவப்புத் தட்டுக்கு. அங்கிருந்து உலைக்குப் போய்விடும். மயிரிழைக் கீறல்கூட அவளிடம் தப்பாது. ஒரு டம்ளர் வாங்கப் போனால்கூட வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கடைக்காரர் உயிரை வாங்குவாள்.

ஒருநாள் அச்சில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்து, ஆண்டின் கடைசி எண் விழாமல் ஒரு நாணயம் வந்தது. அதைத் தட்டில் போட்டதை, அன்று விடுப்பில் இருந்த என்னிடம் மறுநாள் சொல்லிச் சிரித்தாள். ஆனால் அந்த நாணயம் உலைக்குப் போகவில்லை. அவள் சோதித்து அனுப்ப வேண்டிய பெட்டிகளில் ஒரு நாணயம் குறைந்திருக்கிறது. யாரோ தட்டிலிருந்து எடுத்து நிரப்பிவிட்டார்கள். யாரோ என்ன யாரோ, சிவப்புத் தட்டுகளைப் பூட்டி வைக்கும் அறையின் சாவி சூப்பர்வைசர் இடுப்பில்தான் தொங்கியது.

வாங்கியவர் கண்டுபிடித்ததும் சேகரிப்பவர்கள் மத்தியில் ஒரே அமளி. நல்ல நாணயத்துக்கு இல்லாத மவுசு அந்தப் பழுதுக்கு. பெட்டிக்குள் இருந்த சீட்டில் சோதித்தவர் எண் அவளுடையது. விசாரணையில் நானும் உள்ளதைச் சொன்னேன். தோழிக்குப் பரிந்து பேசுகிறேன் என்று ஒதுக்கிவிட்டார்கள். அவளைச் சில்லறை மூட்டை கட்டும் பகுதிக்குத் தள்ளினார்கள். சூப்பர்வைசருக்குப் பதவி உயர்வு. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ஓய்வுபெற்ற பிறகும் அவள் விடவில்லை. பேருந்து வரிசையில், மருத்துவர் அறையில், யார் கிடைத்தாலும் தட்டில் போட்ட கதைதான். ஆட்கள் நழுவிவிடுவார்கள். பொறுமையாகக் கேட்டது அவள் வளர்த்து ஆளாக்கிய தம்பி ஒருவன்தான். “எனக்குத் தெரியாதாக்கா” என்பான். அந்த ஒரு பேச்சில் அவள் முகம் தெளிந்துவிடும்.

அந்தத் தம்பிதான் வீட்டை அடமானம் வைத்து, அதே நாணயத்தை வாங்கினான். விலை இன்னும் ஏறும், விற்றுவிட்டுப் பெரிய ஆளாகிவிடலாம் என்று கணக்கு. ஏலக் கம்பெனி முட்டுக்கட்டை போட்டது. சோதனையில் தவறிப்போய் வெளியே வந்த நாணயம் என்றால் ஏலத்தில் விடலாம். கழித்துப் போட்டதை யாரோ எடுத்து அனுப்பியது என்றால் அது அரசாங்கச் சொத்து. காலணா தராமல் பிடுங்கிக்கொள்வார்கள். அப்படித்தான் ஊரில் பேச்சு அடிபடுகிறது, சோதித்தவரே வந்து எழுதித் தரட்டும் என்றார்கள். ஊரில் அதைப் பேசித் திரிந்தது வேறு யார்?

தம்பி காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். “கவனிக்காம விட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுக்கா. இல்லைன்னா பிள்ளைங்களோட நான் தெருவுலதான் நிக்கணும்.”

சொல்லாதே என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். வாழ்நாளெல்லாம் அவள் சம்பாதித்தது அந்தப் பெயர் ஒன்றைத்தான். அவளோ துணைக்கு வா என்று என்னையே கூட்டிக்கொண்டு போனாள்.

ஏலக் கம்பெனி அதிகாரி நாணயத்தை மேசையில் வைத்தார். அவள் கையுறை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, விளிம்பைப் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். இவ்வளவு பெரிய பழுது எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று அவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

“கவனிக்கல. அன்னிக்கு அசந்துட்டேன்” என்றாள். அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டாள். உங்களைப் போன்றவர்கள் அசந்தால்தான் எங்களுக்குப் பிழைப்பு என்று அவர் சிரித்தார். தம்பியும் சிரித்தான்.

படியிறங்கும்போது அவள் தம்பியின் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அங்க சொன்னது உனக்காக. நான் அதைத் தட்டுலதான் போட்டேன்னு உனக்குத் தெரியும்ல?”

அவன் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான். “விடுக்கா. எங்கிட்ட எதுக்கு இன்னும் மறைக்கிற? மனுஷன்னா தப்பு நடக்கத்தான் செய்யும்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்கா சொன்னதை நம்பியிருந்தால், அரசாங்கம் பிடுங்கிக்கொள்ளக்கூடிய அந்த நாணயத்தின் பக்கமே அவன் போயிருக்கமாட்டான். அவள் கவனிக்காமல் விட்டாள் என்பதில் அவனுக்கிருந்த உறுதி, வீட்டையே அடகு வைக்குமளவு உறுதி. அவளுக்கும் அது புரிந்துவிட்டது. அவன் கையை விட்டுவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். அதன்பிறகு அந்தத் தட்டைப் பற்றி அவள் யாரிடமும் பேசவில்லை, என்னிடம்கூட.