நாற்பத்தொன்றாம் வண்டியின் கூண்டு

என் அக்கா ஐலா பயந்த சுபாவக்காரி என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் நம்பமாட்டார்கள். ஆறடிக்கு ஓர் அங்குலம்தான் குறைவு. பத்தொன்பது வயதில் கொதிகலன் தொழிற்சாலையில் வெல்டிங் வேலைக்குப் போனவள். அங்கே ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்து, சாரியார்வி ஊருக்குப் பக்கத்தில் அப்பாவின் டிராக்டர் கொட்டகையிலேயே பட்டறை போட்டுக்கொண்டாள். காட்டுப் பாதையில் பந்தயம் ஓடும் ராலி கார்களுக்கு உள்ளே பொருத்தும் இரும்புக் கூண்டு செய்வதுதான் வேலை. கார் உருண்டால் கூரை நசுங்கித் தலையில் இறங்காமல் காப்பது அந்தக் கூண்டுதான்.

பட்டறை தொடங்கிய முதல் வருடம், காட்டுப் பாதையில் ஒரு கார் கவிழ்ந்து மரத்தில் செருகிக்கொண்டது. இரும்பை அறுக்கும் கருவி அக்காவிடம்தான் இருந்தது என்று அவளைக் கூப்பிட்டார்கள். உள்ளே இருந்தவரை அவள்தான் அறுத்து எடுத்தாள். அவர் பிழைக்கவில்லை. யாரோ தண்ணீர்க் குழாயில் கூண்டு செய்து கொடுத்திருந்தார்கள். அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரே ஒரு முறைதான் பேசினாள். "குழாய் வளையவே இல்லடா, கிழிஞ்சு கெடந்துச்சு" என்றாள்.

அதிலிருந்து குழாய் வாங்குவது அவளுக்குச் சாமான்ய வேலையாக இல்லை. நாற்பத்தைந்து மில்லி விட்டம், இரண்டரை மில்லி கனம், இணைப்பே இல்லாமல் இழுத்து எடுத்த குழாய்தான் வேண்டும். தகட்டைச் சுருட்டி விளிம்பைப் பற்றவைத்த குழாயும் பார்வைக்கு அப்படியே இருக்கும், விலையும் பாதி. அதனால் ஒவ்வொரு குழாயின் முனையிலும் ஒரு சாண் அறுத்து, பிரஸ்ஸில் வைத்து அப்பளமாக நசுக்கிப் பார்ப்பாள். எங்கேயும் விரிசல் விடவில்லை என்றால்தான் அந்தக் குழாய் உள்ளே வரும். கடைக்காரர் கொடுக்கும் சான்றிதழை அதற்கப்புறம்தான் படிப்பாள். அவள் கூண்டு போட்ட கார் ஓடும் பந்தயம் எதற்கும் போகமாட்டாள். சனிக்கிழமைகளில் ரேடியோவைக்கூட அணைத்துவிடுவாள்.

தொண்ணூற்றிரண்டு ஜனவரியில் ரெய்யோ வந்தான். பால் லாரி ஓட்டுகிறவன், பந்தயப் பித்து. அவன் மனைவி தூலா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வழி சொல்வாள். பழைய எஸ்கார்ட் கார் ஒன்றை வாங்கியிருந்தார்கள். மூன்று வாரத்தில் கெயுரு ஊரில் பனிப் பந்தயம், அதற்குள் கூண்டு வேண்டும் என்றான். வழக்கமான கடையில் இரண்டு குழாய் குறைந்தது. பொருளாதார மந்தத்தில் பட்டறைகள் வரிசையாகத் திவாலாகிக்கொண்டிருந்த வருடம் அது. அப்படி மூடிய ஒரு பட்டறையின் ஏலத்தில் அதே அளவில் குழாய்கள் கிடந்தன. முனையில் அவள் வழக்கமாக வாங்கும் குழாயின் அதே பச்சை வண்ணம். அக்கா உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தாள், விரல் விட்டுத் தடவினாள். வழுவழுவென்று இருந்தது. இரண்டை எடுத்து வந்தாள்.

நசுக்கிப் பார்க்கவில்லை. ரெய்யோ தினமும் வந்து தலைமேல் நின்றான். "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டவள், குழாயை வளைத்து, பற்றவைத்து, பெயின்ட் அடித்து அனுப்பிவிட்டாள்.

பந்தயத்தன்று காலை நான் அவள் வீட்டுக்குக் காபி குடிக்கப் போயிருந்தேன். அவள் கொட்டகைக் கதவுக்குத் தாழ்ப்பாள் செய்துகொண்டிருந்தாள். அந்தக் கூண்டில் மிஞ்சிய துண்டுக் குழாயை எடுத்து, போல்ட் போட முனையைத் தட்டையாக்க வேண்டும் என்று பிரஸ்ஸில் வைத்தாள். டக் என்று ஒரு சத்தம். பட்டாணித் தோலை உரித்ததுபோல் குழாய் நேர்க்கோட்டில் பிளந்துவிட்டது.

அக்கா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. அப்புறம் தரையில் கிடந்த எல்லாத் துண்டுகளையும் பொறுக்கி ஒவ்வொன்றாக நசுக்கினாள். மூன்று பிளக்கவில்லை, ஒன்று பிளந்தது. ஏலத்தில் வந்த குழாய் கூண்டில் எந்த இடத்துக்குப் போனது என்று அவளுக்கே தெரியவில்லை. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல்தான் இருந்தன.

"இருக்கைக்குப் பின்னாடி நிக்கிற வளைவா இருந்தா?" என்று என்னைக் கேட்டாள்.

அக்கா கூப்பிட்டபோது ரெய்யோ வீட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பந்தய அலுவலகத்தில் ஒருவர் எடுத்தார். யாராவது எதிராளி இப்படிப் போன் பண்ணி வண்டியை நிறுத்தச் சொல்வது வழக்கம்தான், நேரில் வந்து எழுதிக் கொடுங்கள் என்று வைத்துவிட்டார். அக்கா கார்ச் சாவியை எடுத்தாள். அது கையிலிருந்து இரண்டு முறை விழுந்தது. நான் வாங்கிக்கொண்டேன்.

மைனஸ் இருபத்திரண்டு டிகிரி. சாலை கண்ணாடி மாதிரி கிடந்தது. பாதி வழியில் பனி வாரும் லாரி ஒன்று முன்னால் மாட்டிக்கொண்டது. முந்த வழியில்லை. அக்கா பிளந்த குழாயை மடியில் வைத்துக்கொண்டு, அதன் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே வந்தாள். விரல் வெட்டுப்பட்டு ரத்தம் வந்ததை நான்தான் பார்த்துச் சொன்னேன்.

"அவங்களுக்கு ரெண்டு பிள்ளைங்கடா" என்றாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்றாவது சுற்று தொடங்கியிருந்தது. ரெய்யோவின் வண்டி நாற்பத்தொன்று. அது காட்டுக்குள் போய் ஐந்து நிமிடம் ஆகிவிட்டது என்றார்கள். இனி வெளியே வந்தால்தான் உண்டு. சுற்று முடியும் இடத்துக்கு ஓடினோம். ஜனங்கள் நெருப்பில் சாஸேஜ் சுட்டுக்கொண்டு நின்றார்கள். நிமிடத்துக்கு ஒரு கார் பனியை வாரி இறைத்துக்கொண்டு வெளியே வந்தது.

முப்பத்தொன்பது வந்தது. நாற்பது வந்தது. அடுத்த நிமிடம் காட்டுக்குள்ளிருந்து சத்தமே இல்லை. அப்புறம் ஒரு கார் வந்தது. கதவில் நாற்பத்திரண்டு என்று இருந்தது.

அக்கா என் கையைப் பிடித்தாள். கொதிகலன் பற்றவைத்த கை அது, எலும்பு நொறுங்குகிற பிடி. நாற்பத்துமூன்று வந்தது. பக்கத்தில் ஒரு கிழவர் தன் நண்பரிடம், வளைவில் யாரோ உருண்டிருப்பான் என்று சாவகாசமாகச் சொன்னார். அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் உதடு மட்டும் அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாளா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியாது. அந்த நாலு நிமிடம் அவள் எப்படி நின்றாள் என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

நாற்பத்தொன்று வந்தது. முன்விளக்கு ஒன்று இல்லை, முகம் முழுக்கப் பனி. பனிமேட்டில் ஏறி மாட்டியிருக்கிறார்கள், பார்வையாளர்கள் தள்ளிவிட்டிருக்கிறார்கள். உருளவில்லை.

அது நேரம் குறிக்கும் மேசையருகே நின்றதும் அக்கா வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"எறங்குங்க ரெண்டு பேரும். கூண்டு சரியில்ல. நான் தப்புப் பண்ணிட்டேன்."

ரெய்யோவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கத்தினான். "நாலாவது எடத்துல இருக்கோம் ஐலா. பந்தயப் பரிசோதகரே பாத்து முத்திரை போட்டாரு. உனக்குப் பயம் புடிச்சா வீட்ல போய்ப் படு."

அக்கா பிளந்த குழாயைக் ஜன்னல் வழியாக நீட்டினாள். அதை வாங்கிப் பார்த்தது தூலா. பிறகு பெல்ட்டைக் கழற்றி, ஹெல்மெட்டை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினாள்.

"நான் வரல ரெய்யோ. நீ வேணா தனியாப் போ."

வழி சொல்ல ஆள் இல்லாமல் போகமுடியாது. ரெய்யோ இறங்கிப் பனியை உதைத்தான்.

முத்திரை போட்ட பரிசோதகரும் முறைத்துக்கொண்டேதான் வந்தார். அக்கா அரத்தை எடுத்து, இருக்கைக்குப் பின்னால் நிற்கும் பெரிய வளைவின் மேல்மூலையில் பெயின்ட்டைச் சுரண்டினாள். இடப்பக்கம் ஒன்றுமில்லை. வலப்பக்கம், தூலாவின் தலைக்கு நேர் பின்னால் தொடங்கி வளைவுக்குள், விரல் நீளத்துக்கு ஒரு கோடு தெரிந்தது. மயிரளவுதான். பரிசோதகர் நகத்தை வைத்தார். நகம் மாட்டிக்கொண்டது. அவர் கையுறையை மாட்டிக்கொண்டு வேறு எங்கோ பார்த்தார். வளைக்கும்போதே விட்டிருக்கிறது, பெயின்ட்தான் மூடி வைத்திருந்தது.

அக்கா வண்டிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள்.

அடுத்த வாரமே அந்த ஏலத்தில் குழாய் வாங்கியவர்களைத் தேடிப் புறப்பட்டாள். மொத்தம் நாலு பேர். மூன்று பேர் வேலிக்கும் கொட்டகைக்கும் போட்டிருந்தார்கள். யம்சா ஊரில் ஒருவர் மட்டும் கூண்டு செய்ய எடுத்து வைத்திருந்தார். தான் செய்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் குழாய்களை அவர் கண்ணெதிரே நசுக்கிக் காட்டினாள். அந்தச் செய்தி ஊரெங்கும் பரவி, அந்த வருடம் அவளிடம் யாரும் கூண்டுக்கு வரவில்லை. வீட்டு வாசல் கேட்டும் கராஜ் கதவும் பற்றவைத்துக் காலம் தள்ளினாள்.

ரெய்யோ மார்ச் வரை முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் காரைக் கொண்டுவந்து கொட்டகை முன்னால் நிறுத்தி, "புதுசாப் போடு. இந்தத் தடவ நான் அவசரப்படுத்தல" என்றான். அக்கா பத்து வாரம் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு வளைவையும் நகம் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த குழாயைத் தொடுவாள். தூலா பல நாள் கூடவே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கூண்டோடு ரெய்யோ எட்டு வருடம் ஓட்டினான், இரண்டு முறை உருண்டான், இரண்டு முறையும் நடந்து வெளியே வந்தான். ஆனால் தூலா அந்த இருக்கையில் மறுபடி உட்காரவில்லை. அவள் இடத்துக்கு ரெய்யோவின் மச்சான் வந்தான். அவள் ஏன் உட்காரவில்லை என்று அக்கா கேட்கவும் இல்லை. தூலா சொல்லவும் இல்லை.