மூன்று நாளில் சுற்றி வந்த பலகை

நான் தையற்காரன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிரார்த்தனை மட்டும் நிற்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அந்தப் பெருமை வழுக்கி விழுந்த கதை இது.

எங்கள் கட்டடத்தில் ஆறு வீடுகள், ஒரே படிக்கட்டு. யார் கதவில் 'உங்கள் முறை' என்ற பலகை தொங்குகிறதோ, அந்த வாரம் அவர்கள் படிகளைக் கழுவி, பிறகு அடுத்த கதவில் பலகையை மாட்ட வேண்டும். ஒரு சுற்றுக்கு ஆறு வாரம் ஆகும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பலகை என் கதவில் இருந்தது. விழுந்து, முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் மனைவி வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வருவதாக இருந்தாள். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. "இன்னொரு தடவ விழுந்தா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்று தையல் மெஷின் எண்ணெய் வாங்கி வரும்போது டப்பா ஒழுகி, இரண்டாம் மாடிப் படிகளில் கோடு போட்டுவிட்டது. பார்த்தேன். ஆனால் பிரார்த்தனை நேரம் வந்துவிட்டதே! எண்ணெயைத் துடைக்காமல், அதில் என் மனைவி வழுக்கக் கூடாதென்று கடவுளிடம் உருக்கமாகக் கேட்டுக்கொண்டேன். பலகையைச் சத்தமில்லாமல் எதிர்வீட்டு டிரைவர் கதவில் மாட்டினேன்.

வெள்ளி காலை பார்த்தால் பலகை மறுபடி என் கதவில். மூன்றே நாளில் ஆறு வீடு! எவ்வளவு சுறுசுறுப்பான அக்கம்பக்கம் என்று கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே இறங்கினேன். இரண்டாம் மாடியில் என் எண்ணெய் என்னை அடையாளம் கண்டுகொண்டது. நாலு படி உட்கார்ந்தபடியே போனேன்.

சத்தம் கேட்டு இரண்டாம் மாடி நர்ஸம்மா கதவைத் திறந்தாள்.

"என்னண்ணே, இந்த வயசுல சறுக்கு விளையாட்டா?"

"ஏம்மா, நீயும் கழுவாமலேயா மாட்டி விட்ட?"

"டிரைவர் மாட்டினாரு, நானும் மாட்டினேன். அவரக் கேட்டா, நீங்கதான் ஆரம்பிச்சீங்களாம். சாமி கும்பிடற நீங்களே தள்ளி விட்டா நாங்கல்லாம் எந்த மூலைக்கு? அது சரி, இன்னிக்கு அண்ணி வராங்கல்ல?"

வாளியும் சோப்புத் தூளும் எடுத்து வந்தேன். அன்றைய பிரார்த்தனையை நிஜமாகவே முழங்காலிட்டுச் செய்தேன், கையில் துணியோடு. நர்ஸம்மா துடைப்பத்தோடு வந்தாள். மேலிருந்து டிரைவர் தண்ணீரை ஊற்றினார்.

"நாலு படிய உங்க பேன்ட்டே தொடச்சிருச்சு. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம், நகருங்க!" என்றாள் நர்ஸம்மா.

சாயங்காலம் மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு, காய்ந்த படிகளில் ஒவ்வொன்றாக ஏறி வந்தாள். வாசலில் மூச்சு வாங்க நின்று பலகையைப் பார்த்தாள்.

"நம்ம முறையா?"

"ஒரு தடவ ஏமாத்திட்டேன். அதான் அடுத்த வாரமும் நம்மகிட்டயே இருக்கட்டும்னு..."

"நம்மகிட்டயா? நான் காலை நீட்டி உட்காரப் போறேன். உங்ககிட்டன்னு சொல்லுங்க."