திருநீறுப் பொட்டலமும் இரண்டு கிழமை மறியலும்

அமெரிக்கப் படம் பார்த்த பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு: "இங்கையும் கிராண்ட் ஜூரி இருக்கோ, அங்கிள்?" இல்லை. குற்றம் சாட்டலாமா என்று பொதுமக்கள் குழுவொன்று முடிவெடுப்பது அமெரிக்காவில்தான்; டென்மார்க்கில் குற்றம் சாட்டுவது அரச சட்டத்தரணி. அதுவரை ஆளை அடைத்து வைக்கலாமா என்று, பிடிபட்ட இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் ஒரு நீதிபதி கேட்டு முடிவு சொல்வார்.

எண்பதுகளின் நடுவில், ஒடென்சேக்குப் பக்கத்துச் சின்ன நீதிமன்றமொன்றில், அப்படியொரு விசாரணைக்குத்தான் முதன்முதலாக மொழிபெயர்க்கப் போனேன். சட்டச் சொற்கள் அத்தனையும் பாடமாக்கியிருந்தேன். ஒன்றும் உதவவில்லை.

பிடிபட்டவர் சிவபாதம். அகதியாக வந்து சில வாரம். ரயில் நிலையத்தில் பொலிஸ் சோதித்தபோது சட்டைப்பையில் வெள்ளைத் தூள். போதைப்பொருள் என்று சந்தேகம். ஆய்வுகூட முடிவு வரும்வரை இரண்டு கிழமை, பதினாலு நாள், மறியலில் அடைத்து வைக்கக் கேட்டார் அரச சட்டத்தரணி, ஓர் இளம்பெண்.

"என்ன தூள்?" என்றார் நீதிபதி.

"ஊர்க் கோயில் திருநீறு, ஐயா."

"புனிதச் சாம்பல்" என்று டேனிஷில் சொன்னேன்.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "யாருடைய சாம்பல்?"

நான் வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவன்; திருநீறு எதில் செய்வதென்று தெரியாது. சிவபாதத்தையே கேட்டேன்.

"மாட்டுச் சாணத்தைச் சுடுறது, தம்பி. இதுகூடத் தெரியாதே உமக்கு?"

கடைசி வசனத்தையும் சேர்த்தே மொழிபெயர்த்தேன். விதி அப்படி.

"அதை என்ன செய்வார்?" என்றார் அந்தப் பெண்.

"நெத்தியிலை பூசுவன். கொஞ்சம் வாயிலையும் போடுவன்."

"வாயில்" என்று அவர் குறித்துக்கொண்டார். சிவபாதத்துக்காக வந்த சட்டத்தரணி கண்ணை மூடிக்கொண்டார்.

மறியல் நிச்சயம் என்று சிவபாதத்துக்குப் பட்டுவிட்டது. "ஐயா, உள்ளுக்குப் போக முன்னம் ஒரு சிட்டிகை தாங்கோ."

அரச சட்டத்தரணி மறுத்தார். நீதிபதி கொஞ்சம் யோசித்து, பொட்டலத்தைத் திறக்கச் சொன்னார். சிவபாதம் பூசினார், நாக்கில் போட்டார். பிறகு பழக்கதோஷத்தில், பக்கத்தில் நின்ற என் நெற்றியிலும் மூன்று விரலால் இழுத்துவிட்டார்.

எல்லோரும் எங்கள் இருவரையும் பார்த்தபடி காத்திருந்தார்கள். எனக்கே லேசாகத் தலை சுற்றுவதுபோல இருந்தது.

"மொழிபெயர்ப்பாளருக்கு எப்படி இருக்கிறது?" என்றார் நீதிபதி.

"என் மாமனார் பாஸ்டர், ஐயா. அவர் காணாதவரை சுகம்."

நீதிபதி சிரிக்கவில்லை. அரச சட்டத்தரணியிடம், "ஆய்வு முடிவு வந்ததும் நீங்கள் குற்றம் சாட்டலாம். இப்போது இருக்கும் சந்தேகத்தை வைத்து ஆளை அடைக்க என்னால் முடியாது" என்று சொல்லி, சிவபாதத்தை விட்டுவிட்டார்.

பொட்டலம் மட்டும் ஆய்வுகூடம் போக வேண்டும். "பிள்ளை, காலிலை மிதிபடாமல் கொண்டு போங்கோ" என்றார் சிவபாதம். மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார். வெறும் சாம்பல் என்று முடிவு வந்தது; குற்றப்பத்திரிகை வரவேயில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சந்தேகப்படுவது ஒருவர் வேலை. அந்தச் சந்தேகம் போதுமா என்று பார்ப்பது இன்னொருவர் வேலை. மொழிபெயர்ப்பவர் வேலை, கை எட்டாத தூரத்தில் நிற்பது.