காசியம்மாளின் கடலையும் நான் கொண்டுவந்த டப்பாவும்

செங்கம் ரோட்டில் ஓட்டுக் கொட்டகை ஒன்றில் ஜிம் நடந்தது. அதன் வெளியே புங்கமரத்தடியில் காசியம்மாள் தினமும் காலை ஆறு மணிக்குக் கடை போடுவாள். கடை என்றால் இரண்டு தூக்கு, ஒரு கூடை. ஒன்றில் ஊறவைத்த கொண்டைக்கடலை, இன்னொன்றில் முளைகட்டிய பச்சைப்பயறு, கூடையில் அவித்த முட்டை. அடி அண்ணாமலையிலிருந்து நடந்தே வருவாள்.

அவளை எனக்குப் பிடிக்காது. அதற்கு அவள் ஒரு குற்றமும் செய்யவில்லை. அந்த ஜிம்முக்குப் போகிற என் தம்பி அருணகிரி அவளை அக்கா என்று கூப்பிட்டான், அவ்வளவுதான்.

ஆசிரமத்துப் பக்கம் குடியிருந்த ஜெர்மன் குடும்பம் ஒன்று, குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போனது. ஐந்து வருடத்தில் நாலு நாடு. ஓரிடத்தில் கால் தரிக்காதவள் நான். எண்பத்து நாலு ஐப்பசியில் திரும்பினபோது, குச்சியாக விட்டுப்போன தம்பி வாசல் கதவை அடைத்துக்கொண்டு நின்றான். "எல்லாம் காசியக்கா கைங்க்கா" என்றான்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். ஒல்லியாக இருந்தவனுக்குக் கடலையோடு வெல்லம் கொடுத்தாள். தொப்பை இருந்தவனுக்கு வெல்லம் கிடையாது. தண்ணீரில் மிதக்கிற கடலையைப் பொறுக்கித் தூர எறிந்தாள். "நேத்து இன்னா துன்ன? தூங்கினியா?" என்று கேட்காமல் யார் கையிலும் இலையை வைப்பதில்லை. தம்பிக்கு மட்டும் அவளே முட்டையை உரித்துக் கொடுத்தாள். அந்த முட்டையைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

என் பெட்டியில் அவனுக்காக ஜெர்மனியில் வாங்கின, உடம்பு ஏற்றும் புரோட்டீன் மாவு டப்பா இருந்தது. சரியான நேரத்துக்காகக் காத்திருந்தேன்.

தீபத் திருவிழாவுக்குக் கொடி ஏறியது. அன்றிலிருந்து பத்து நாள் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது, முட்டை உள்பட. தீபம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை வேலூரில் ஆணழகன் போட்டி. அதில் ஜெயிக்க வேண்டுமென்று தம்பி அண்ணாமலையாருக்கு விரதம் வேறு இருந்தான். காசியம்மாளும் முட்டைக் கூடையை வீட்டில் வைத்துவிட்டுக் கடலையையும் பயற்றையும் மட்டும் கொண்டுவந்தாள். முட்டை இல்லாமல் உடம்பு இறங்கிவிடுமோ என்று அவனுக்குப் பயம். எனக்கு உள்ளூர சந்தோஷம்.

டப்பாவையும் பாலையும் எடுத்துக்கொண்டு மரத்தடிக்கே போனேன். அவள் பார்க்க வேண்டுமே.

"ஃபாரின் அக்கா வந்துட்டாங்க! காசியக்கா, இனிமே உன் கடலையை மாட்டுக்குத்தான் போடணும்" என்றான் அவனோடு பயிற்சி செய்கிற வேணு.

"போடா. அந்த மாவைத் துன்னா உனக்கு மீசை மஞ்சளா முளைக்கும்" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "இதுல இன்னா கலந்திருக்கு? படிச்சு சொல்லும்மா."

டப்பாவில் எல்லாம் ஜெர்மன். அந்த மரத்தடியில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பால், முட்டை வெள்ளைக்கரு, கோக்கோ, சர்க்கரை என்று வரிசையாக அச்சிட்டிருந்தது. முட்டை என்று சொன்னால் டப்பாவை மூட வேண்டியதுதான். அவள் கூடை வராத பத்து நாள்தான் எனக்குக் கிடைத்த சந்தர்ப்பம்.

"பால் பவுடர், கோக்கோ, சக்கரை" என்றேன்.

கரைத்து நீட்டினேன். தம்பி டம்ளரை வாங்கிவிட்டான். காசியம்மாள் டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். என்னை ஒருதரம் பார்த்தாள்.

"பந்தயத்துக்கு முன்னாடி புதுசா எதையும் வயித்துல போடாத கிரி. தீபம் ஏறட்டும், போட்டி முடியட்டும். அப்புறம் உங்கக்கா குடுத்ததைக் குடி. இப்ப பயறு ரெண்டு பிடி ஜாஸ்தி துன்னு."

அவன் டம்ளரை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். "என் தம்பிக்கு எது ஆகும், ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? நீ யாரு சொல்றதுக்கு?" என்று கத்தினேன். ஜிம்மே வெளியே வந்து வேடிக்கை பார்த்தது. அவள் இலை கிழித்துக்கொண்டிருந்தாள்.

வேலூரில் தம்பி இரண்டாவதாக வந்தான். மறுநாள் விடிந்ததும் நான் மட்டும் மரத்தடிக்குப் போனேன். கூடையில் மறுபடி முட்டை இருந்தது.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"இருபது வருசமா முட்டை விக்கிறேன். வாசனை தெரியாதா?"

"அப்புறம் ஏன் அவன்கிட்ட சொல்லல?"

"சொன்னா அப்புறம் உன்னை அக்கான்னு கூப்பிடுவானா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் போட்ட பிச்சையில் நான் அவனுக்கு அக்காவாக இருப்பதா? வீட்டுக்கு வந்த வேகத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முட்டை இருந்தது, தெரிந்தேதான் கொடுத்தேன், அவள் தடுத்தாள்.

அவன் தட்டை ஓரமாகத் தள்ளினான். என்னைத் திட்டுவான், அடிக்கக்கூட வருவான் என்று நின்றிருந்தேன்.

"அன்னிக்கு அத்தினி பேர் முன்னாடி நீ கத்தினியே, காசியக்கா அழுதாங்களா?" என்று கேட்டான்.