முழங்கையில் கோத்த கை

இன்ஸ்பெக்டராக வந்த இடத்தில் உனக்கெதற்கு வாத்தியார் வேலை என்று என் வீட்டுக்காரர் கேட்காத நாளில்லை. கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும். விடிந்ததும் டவுன்ஷிப் மைதானத்துக்குப் போய், போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் பெண்களை விரட்டி விரட்டி ஓடவிடுவேன். நான் கான்ஸ்டபிளாகச் சேர்ந்த காலத்தில் எனக்கு யாரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை, திட்டு மட்டும் வண்டி வண்டியாகக் கிடைத்தது. அந்த வயிற்றெரிச்சல்தான்.

அவர்களில் ஒருத்தி கம்மாபுரம் பக்கம். வயது வரம்பின்படி அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. எழுத்துத் தேர்வு, ஓட்டம், குண்டு எறிதல் எல்லாம் பாஸ். பாக்கி இருந்தது, பேரில் வழக்கு ஏதும் உண்டா என்று பார்க்கும் நன்னடத்தை விசாரணை மட்டும்; வழக்கு இருந்தால் வேலை கிடையாது. அறிக்கை தர வேண்டியதும் என் ஸ்டேஷன்தான். இனி என்ன, வேலை கிடைத்த மாதிரிதான் என்று அவளுக்குப் பந்தோபஸ்து வேலையையும் பழக்கினேன். கூட்டம் தள்ளினால் பக்கத்தாள் முழங்கையில் கையைக் கோத்துக்கொள், காலை அகட்டி வை, செத்தாலும் கையை விடாதே.

அந்த வாரமே அவர்கள் ஊரில் நிலக்கரிச் சுரங்கத்துக்காக வாய்க்கால் வெட்ட மண்வாரி இயந்திரம் வந்தது. கதிர் பிடித்த வயல். சனம் திரண்டுவிட்டது. நாங்கள் போய் இறங்கியபோது பொம்பளைகள் ஒரே வரிசையாகக் கை கோத்து நின்றார்கள். எங்கள் ஆட்கள் எவ்வளவு இழுத்தும் அதைப் பிரிக்க முடியவில்லை. சப்-இன்ஸ்பெக்டர், அவனும் நான் பழக்கிய பையன்தான், என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்: "மேடம், இது நம்ம வரிசை."

வரிசையின் கோடியில் அவள் நின்று கத்திக்கொண்டிருந்தாள்: "கைய வுடாதீங்க, கால அகட்டி வையிங்க!"

வீடியோ மேலிடத்துக்குப் போயிற்று. கட்டளை போடுகிற பெண்தான் முதல் குற்றவாளி என்று உத்தரவு வந்தது. டி.எஸ்.பி.யிடம் ஓடினேன்.

"ஐயா, விவரம் தெரியாத பொண்ணுங்க."

"விவரம் தெரியாதவ இப்படி நிக்க வைப்பாளாம்மா?"

"நான்தாங்கய்யா சொல்லிக் குடுத்தேன்."

"அத வெளியில சொல்லிக்காதீங்க" என்று பேச்சை முடித்துவிட்டார். கெஞ்சினேன், காலில் விழாத குறை. வழக்குப் பதிவாகிவிட்டது.

அவளை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டேன். எனக்கு ஆத்திரமா அழுகையா தெரியவில்லை.

"அறிவு கெட்டவளே, ஓரமா நிக்க வேண்டியதுதானேடி?"

"ஆயாங்கல்லாம் மிஷினுக்கு முன்னால போய் நிக்கிறாங்க மேடம். பின்னாலேர்ந்து கூட்டம் தள்ளிக்கினே இருக்குது. எங்கம்மாவும் அங்கதான் நிக்குது. யாராச்சும் உள்ள வுழுந்துட்டா? அதான் நீங்க சொன்ன மாதிரி நிக்க வெச்சன். ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லைங்க."

உண்மை. எங்கள் ஆட்கள் உட்பட ஒருவருக்கும் அடி இல்லை. பந்தோபஸ்து என்றால் அதுதானே, பாவி மகளே!

"அதையும் எழுதுவீங்க இல்ல மேடம்?" என்றாள்.

அதை எழுத அந்த நன்னடத்தை அறிக்கையில் இடமில்லை. குற்ற வழக்கு நிலுவையில் உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.