தலைவர் பவுனம்மாள்

பவுனக்கா போயிட்டாங்க.

காலையில எட்டு மணிக்கு போன். திருச்சி ஆஸ்பத்திரியிலேருந்து கொண்டு வந்துக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னாங்க. கையில இட்லித் தட்டோட அப்படியே நின்னேன்...

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்றேன். குரும்பலூர் பக்கம் எங்க ஊராட்சிக்குத் தலைவரா இருந்தவங்க பவுனம்மாள். அப்போ நான் நாலாவது வார்டு மெம்பர். பதவிக்காலம் முடிஞ்சிடுச்சு, அடுத்த தேர்தலுக்காக ஊரே காத்துக்கிட்டு இருக்கு.

போன மாசம் ஆஸ்பத்திரியில பாக்கப் போனப்போ, இந்தத் தடவை தலைவருக்கு நீ நில்லுன்னு சொன்னாங்க. வீட்ல கேட்டுட்டு சொல்றேங்க்கான்னு சொல்லிட்டு வந்தேன். அவங்க முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கிட்டாங்க.

அவங்ககிட்ட நான் கடைசியாப் பேசினது அதுதான். நினைக்க நினைக்க வெக்கமா இருக்கு.

நான் மெம்பரான புதுசுல கூட்டம்னு ஒண்ணு நடந்ததே கிடையாது. தீர்மான நோட்டு வீடு வீடா வரும். அடுப்படியிலேருந்து கையைத் துடைச்சுக்கிட்டு வந்து கையெழுத்துப் போடுவோம். என்ன தீர்மானம்னு கேட்டா, சார்கிட்ட பேசியாச்சுங்கன்னு பதில் வரும்.

சார்னா என் வீட்டுக்காரர். பேப்பர்ல மெம்பர் நான், ஊருக்கு மெம்பர் அவர்.

தலைவர் வீட்லயும் அதே கதை. யூனியன் ஆபீஸ் போன் எல்லாம் அக்கா வீட்டுக்காரர் கலியமூர்த்தி அண்ணனுக்குத்தான் போகும். தண்ணி டேங்க் திறந்தா பொன்னாடை அவருக்கு. அக்கா பக்கத்துல நின்னு கை தட்டுவாங்க.

ஒரு நாள் துணைத்தலைவரோட ஆள் வந்து, நோட்டோட சேர்த்து ஒரு வெள்ளைத் தாளையும் நீட்டினார். அடுப்புல பால் பொங்குது... படபடன்னு ரெண்டுலயும் போட்டு அனுப்பிட்டேன்.

அந்த வெள்ளைத் தாள் புகார் மனுவா மாறி யூனியன் ஆபீஸ் வழியா கலெக்டருக்குப் போயிடுச்சு. தலைவருக்கு நிர்வாகம் தெரியல, எல்லாத்தையும் கணவர்தான் பாக்குறார், அவங்களை நீக்கணும்னு எழுதி, கீழே எங்க கையெழுத்து. எழுதினது யாருன்னா, அதுவரைக்கும் எதுக்கெடுத்தாலும் அந்தக் கணவர்கிட்ட மட்டுமே பேசிக்கிட்டு இருந்த அதே ஆளுங்க!

அக்கா நகலை எடுத்துக்கிட்டு நேரா என் வீட்டுக்கு வந்தாங்க.

"இது ஒன் கையெழுத்தா?"

"ஆமாங்க்கா."

"படிச்சியா?"

"இல்லீங்க்கா..."

நல்லா வாங்கிக் கட்டிக்கப் போறோம்னு நினைச்சேன். அக்கா தாளை மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டாங்க. "நானும் ஒரு வருசமா இப்புடித்தான் போட்டுக்கிட்டு இருக்கேன் வளரு"ன்னாங்க.

அதோட அந்தப் பழக்கத்தை நிறுத்தினாங்க. நோட்டு ஆபீஸை விட்டு வெளிய போகக் கூடாது, எல்லாரும் வந்து உக்காந்து படிச்சுட்டுத்தான் கையெழுத்துன்னு சொல்லிட்டாங்க.

முதல் கூட்டம். நாங்க பொம்பளை மெம்பருங்க வீட்டுக்காரரோட வந்தோம். அவங்க எல்லாரும் நாற்காலியில உக்காந்துட்டாங்க, நாங்க சுவரோரமா நின்னோம். அப்படி நிக்கிறது எங்களுக்கே தப்பாத் தெரியலங்கிறதுதான் கொடுமை.

அக்கா உள்ள வந்து முதல்ல அவங்க வீட்டுக்காரரைத்தான் பாத்தாங்க.

"நீங்க எந்திரிங்க. எலெக்சன்ல ஜெயிச்சவங்க மட்டும் உள்ள இருக்கட்டும்."

அண்ணன் எழுந்து போனார். அதுக்கப்புறம் மத்தவங்க எப்படி உக்காந்திருக்க முடியும்? கடைசியாப் போனது என் வீட்டுக்காரர். ஒரு வாரம் என்கிட்ட முகம் குடுத்துப் பேசல. சரி போகட்டும்னு நானும் பேசல.

அன்னைக்கு முதல் முறையா வாயைத் திறந்தேன். எங்க தெருக் குழாய்ல ஏன் தண்ணி வரலன்னு கேட்டேன். ஊராட்சி செயலர் பழக்க தோஷத்துல வாசல்ல நின்ன என் வீட்டுக்காரரைப் பாத்துப் பதில் சொல்ல ஆரம்பிச்சார்.

"கேட்டது அவங்க. அவங்களப் பாத்து சொல்லுங்க"ன்னாங்க அக்கா.

அதுக்கப்புறம் அக்காவைப் பத்தி என்னென்ன பேசினாங்கன்னு இங்க எழுத மாட்டேன். செயலர் கூட பைக்ல பெரம்பலூர் போனா அது ஒரு கதை. நைட்டியோட வாசல்ல நின்ன போட்டோ ஊர் வாட்ஸ்அப் குரூப்ல.

ஒரே ஒரு நாள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல உக்காந்து அழுதாங்க. அழுது முடிச்சு, முகம் கழுவி, என்னைக் கூட்டிக்கிட்டு கலெக்டர் ஆபீஸ் போய் அந்தப் புகாருக்குப் பதில் எழுதிக் குடுத்தாங்க. பதவிக்காலம் முழுக்க அந்த நாற்காலியில அவங்கதான் இருந்தாங்க.

இன்னைக்கு துக்க வீட்டுக்குப் போறேன்... வாசல்ல பெரிய பேனர்.

'முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர் திரு. கலியமூர்த்தி அவர்களின் துணைவியார்...'

தெருக்காரங்க பாசமாத்தான் வச்சிருக்காங்க. வந்தவங்க போனவங்க யார் கண்ணுக்கும் அது தப்பாத் தெரியல. அதுவரைக்கும் அழுதுக்கிட்டு இருந்த எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது.

கலியமூர்த்தி அண்ணனைக் கூட்டிக்கிட்டு வந்து காமிச்சேன். முழுசாப் படிச்சார்.

"நான் எங்கம்மா எலெக்சன்ல நின்னேன்? அவதான தலைவரு... மாத்திடும்மா."

என் வீட்டுக்காரர் பைக்கை எடுத்தார். பெரம்பலூர்ல பேனர் கடையில உக்காந்து எழுத்துக்கு எழுத்து நானே சொன்னேன். முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர் பவுனம்மாள். அவ்வளவுதான், மேல வேற யார் பேரும் கிடையாது.

கீழே இங்ஙனம் யாருன்னு கடைக்காரர் கேட்டார். சார் பேரு சொல்லுங்க மேடம்னு வேற.

வளர்மதின்னேன். பேருக்குக் கீழே ஊராட்சி மன்றத் தலைவர் வேட்பாளர்னு போடச் சொன்னேன்.

வீட்டுக்காரர் திரும்பிப் பாத்தார். "வூட்ல இன்னும் பேசவே இல்லையே?"

"இப்பதான் சொல்லிட்டேனே."

துக்க பேனர்ல ஓட்டு கேக்குறான்னு நாளைக்குப் பேசுவாங்க. பேசட்டும்.

நாலு மணிக்கு எடுக்குறாங்க. பேனர் கட்டியாச்சு.

நான் நிக்கிறேங்க்கா. நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க, தலைவரே.